வளாக வலையிற் கூட்டப் பகுப்பு

வானொலி வழியே பொதிகளாகச் செய்தி விடுத்த முதற் கணினிவலை சர்வகலாசாலை ஒன்றிலேயே உருப்பெற்றது. 1971ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளில் நோர்மன் ஏபிராம்சன் குழுவினர் நிறுவிய அலோகா வலையில், நிலையங்கள் யாவும் ஒரே அலைவரிசையில் வேண்டியபோது செய்தி விடுத்தன. மோதுண்டவை மீண்டும் விடுக்கப்பட்டன. அத்தகைய தாராளத்தில் அலைவரிசையின் 18.4 வீதத்துக்குமேற் பயன்கொள்ளல் இயலாதென்பது கணித முடிபு.

பின்னாளில் வளாகமெங்கும் கம்பியில்லா வலை பரவியதும் நெருக்கடி வேறுருக் கொண்டது. வழக்கமான உபவலையொன்றில் 254 முகவரிகளே உள, மாணவரோ ஆயிரக்கணக்கினர். அனைத்தையும் ஒரே பெருவலையாக்கினால், ஒரு கருவி பொதுவாக எழுப்பும் வினா எல்லோர் செவியிலும் விழும். 1998இல் வெளிவந்த 802.1கியூ நியமம் ஒரே கம்பியிற் பல வலைகளை இயங்கச்செய்தது. ஆகவே மாணவர் காண்பது ஒரு பெயர். அதன் பின்னால் நிற்பவை பல இடைமுகங்கள்.

யாரை எதிற் சேர்ப்பது? முறைவைத்துச் சேர்த்தபோது, அகன்று மீண்டவர் புதிய முகவரி பெற்றார். பழையது தவணை முடியுமட்டும் வீணே கிடந்தது. கருவியின் வன்பொருள் முகவரியைக் கணித்து நிலையான இடமளிப்பதே சாலச் சிறந்ததென்பேன். (இன்றைய கைபேசிகள் அம்முகவரியை மறைத்து வேறொன்று காட்டுவது தனிக்கதை.) ஆயினும் அதிலும் ஓர் அநீதியுண்டு: தன் பகுதி நிரம்பிய மாணவன், அடுத்ததில் இடமிருந்தும் வெளியே நிற்பான். முகவரி வழங்காத பகுதியை விலக்கி, அவனை அடுத்ததற்கு அனுப்பும் ஏற்பாடு அக்குறையை நீக்க எழுந்ததே.