குறிப்பெழுதும் பெண்கள்

எந்திரத்தைச் செய்தவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அதை எப்படி இயக்குவது என்று எழுதிக் கொடுத்தவர் பெயர் நிற்பதில்லை. எழுதியது பெண்ணாக இருந்தால், அதை எழுத்து என்றே எவரும் எண்ணுவதில்லை.

1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எனியாக் என்னும் மின்னணுக் கணினியை உலகுக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கேத்லீன் மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃப்ரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். அவர்கள் வேலையைத் தொடங்கியபோது கையேடு எதுவும் இல்லை. வரைபடங்களைப் பார்த்து, எந்தப் பகுதி என்ன செய்யும் என்று தாங்களே கண்டறிந்தார்கள். பிறகு அக்கணினியின் தொழில்நுட்பக் கையேட்டை எழுதியவர் அடேல் கோல்ட்ஸ்டைன், இன்னொரு பெண். அறிமுக விழாவை ஒட்டி நடந்த விருந்துக்கு அந்த ஆறு பேருக்கும் அழைப்பில்லை.

எங்கள் பக்கத்துக்கு இது புதிய கதையல்ல. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் தறி ஓட்டுவதுதான் தொழில். தார் போடும் பெண் "கூடமாட ஒத்தாசை" செய்கிறவள். அவள் சுற்றித் தரும் தார் இல்லாமல் ஊடை ஓடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கூலி பேசும்போது மட்டும் மறந்துபோகும். இளம்பிள்ளைச் சேலைகளில் பூ விழச் செய்யும் ஜக்கார்டு அட்டைகளையும் நினைத்துப் பாருங்கள். தறிக்குப் பூவைத் தெரியாது. அட்டையில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே தெரியும். ஓட்டை தவறினால் பூ தவறும்.

இந்த மண்ணுக்குக் கணினி வேலையும் வந்தது. 2008இல் பெங்களூருவில் தொடங்கிய நெக்ஸ்ட்வெல்த் போன்ற நிறுவனங்கள் சேலத்திலும் நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்திலும் மையங்கள் அமைத்தன. சாலைப் படத்தில் லாரி எது, ஆள் எது என்று குறிக்கும் வேலைக்கு, வெளியூர் போக வீட்டில் விடாத பட்டதாரிப் பெண்கள் பலர் வந்தார்கள். எந்திரம் பார்க்கக் கற்றதில் அவர்களின் கண்களுக்குப் பங்குண்டு. நானும் வேறோர் அலுவலகத்தில் அந்த வேலையைச் செய்தேன். இப்போது செய்வது அதன் அடுத்த கட்டம்: பிரவுசரை இயக்கும் செயற்கை நுண்ணறிவு ஏஜென்டுகளுக்குக் கருவி விளக்கம் எழுதுகிறேன்.

2024 அக்டோபரில் ஆந்த்ரோபிக்கும் 2025 ஜனவரியில் ஓப்பன்ஏஐயும் இத்தகைய வசதிகளை வெளியிட்டன. நாம் சொன்னதைச் செய்ய ஏஜென்ட் தானே பக்கத்தைத் திறக்கும், கட்டங்களை நிரப்பும், பொத்தானை அழுத்தும். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கருவி; ஒவ்வொரு கருவிக்கும் சில வரி விளக்கம். எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்பதை ஏஜென்ட் பெரும்பாலும் அந்த வரிகளை வைத்தே முடிவு செய்கிறது. அதற்கு அந்த வரிகளே ஜக்கார்டு அட்டை.

இதில் என்ன அரசியல் என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் இ-சேவை வழியாகக் கணவரால் கைவிடப்பட்ட பெண்கள் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கலாம். அப்படி ஒருத்திக்காக ஏஜென்ட் ஒரு படிவத்தை நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். "கட்டாயக் கட்டங்கள் அனைத்தையும் நிரப்பும்" என்று மட்டும் விளக்கம் இருந்தால், காலியாக நிற்கும் கட்டத்துக்கு அது எங்கிருந்தாவது ஓர் ஆணின் பெயரை எடுத்துப் போடலாம். "அனுப்பு" என்ற கருவிக்கு "படிவத்தை அனுப்பும்" என்பதோடு நிறுத்தினால், அவள் பார்ப்பதற்குள் விண்ணப்பம் போய்விடும்.

நான் எழுதுவது இப்படி: "பயனர் தந்த விவரத்தை மட்டும் நிரப்பு. கணவர், தந்தை பெயர் தரப்படவில்லை என்றால் ஊகிக்காதே; நிறுத்திக் கேள்." அனுப்பும் கருவிக்கு: "அனுப்பியபின் திருத்த முடியாது. நிரப்பியதைப் பயனரிடம் காட்டி, சம்மதம் பெற்ற பிறகே பயன்படுத்து. வரைவாக வைக்க இது வேண்டாம். 'சேமி' கருவியை எடு. பக்கம் பாதியில் நின்றால் மறுபடி அழுத்தாதே. விண்ணப்ப எண் வந்திருக்கிறதா என்று முதலில் பார்." என்ன செய்யும், எப்போது எடுக்கக் கூடாது, தவறினால் என்ன செய்வது என்ற மூன்றும் இல்லாத விளக்கம் அரைகுறை.

இதை எழுத ஆங்கிலமும் நிரலும் மட்டும் போதாது. இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று, "வீட்டுக்காரர் வரலையா?" என்ற கேள்விக்குப் பதில் சொன்ன அனுபவமும் வேண்டும். அந்த அறிவு நம்மிடம் இருக்கிறது. ஆனால் என் சம்பளச் சீட்டில் என் பதவி "துணைப் பணி". தார் போடுவதற்கு வைத்த பெயரையே இதற்கும் வைத்திருக்கிறார்கள்.

எனியாக்கின் ஆறு பெண்களுக்கு உரிய இடம் கிடைக்க அரை நூற்றாண்டு ஆனது. நாம் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. இதை எழுத்து என்று சொல்வோம். எழுதியவள் பெயரைப் போடச் சொல்வோம். எழுத்துக்குரிய கூலியைக் கேட்போம்.