தொப்புள் கொடி இரத்தமும் பிள்ளையின் எதிர்காலமும்



பிள்ளை பிறந்ததும் ஜாதகம் கணிப்பது நம் வழக்கம். இன்று விஞ்ஞானிகள் வேறொரு ஜாதகம் கணிக்கிறார்கள். அது கிரகத்தைப் பார்ப்பதில்லை, இரத்தத்தைப் பார்க்கிறது. நம் உடம்பின் உயிரணுக்களில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட மரபு ஏடு ஒன்று இருக்கிறது. மனித ஏட்டைப் படித்து முடித்ததாக 2003இல் அறிவித்தார்கள். பிறந்த குழந்தை ஒவ்வொன்றின் ஏட்டையும் அப்படியே படித்துவிடலாமா என்பதுதான் இன்றைய கேள்வி. "இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுச் சங்கதி, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். அப்படியல்ல. இந்தச் சரித்திரத்தில் தோட்டத்து மக்களுக்கும் பங்கு உண்டு.

மலேரியா தந்த பாடம்

சிலாங்கூர் கடலோரத் தோட்டங்களில் நம் முன்னோர்களை வாட்டியது மலேரியாக் காய்ச்சல். 1901இல் கிள்ளானுக்கு வந்த அரசாங்க டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துக் கொசுவைக் கட்டுப்படுத்தினார். கொயினா மருந்துக்குப் பின் புதுப்புது மருந்துகள் வந்தன. அவற்றுள் ஒன்று பிரைமாகுயின்.

இந்த மருந்துகளை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலச் சிறைக் கைதிகளிடம் சோதித்தார்கள். சிலருக்கு மருந்து உள்ளே போனதும் இரத்தம் உடைந்தது. ஏன் என்று ஆராய்ந்தபோது, 1956இல் ஜி6பிடி என்னும் நொதியின் குறைவு தெரியவந்தது. பிறவியிலேயே வரும் இந்தக் குறை மலேரியா பரவிய நாட்டு மக்களிடம் அதிகம். கைதிகள் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள் என்றார்கள். கம்பிக்குப் பின்னால் இருப்பவன் "மாட்டேன்" என்று சொல்ல முடியுமா? கங்காணி நீட்டிய தாளில் கைநாட்டு வைத்த நம் பாட்டன்மார்களைக் கேட்டால் பதில் சொல்லியிருப்பார்கள்.

ஒரு துளி செய்த நன்மை

ஜி6பிடி குறை பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வரும். துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டைகூட இவர்களுக்கு ஆகாது. மஞ்சள் காமாலை முற்றினால் மூளையைத் தாக்கும். ஆகவே சிங்கப்பூரில் 1965 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் தொப்புள் கொடி இரத்தத்தைச் சோதித்தார்கள். நம் நாட்டிலும் 1980களில் இது வழக்கத்துக்கு வந்தது. 1998 முதல் தைராய்டு சோதனையும் சேர்ந்தது. தைராய்டு குறையுள்ள குழந்தைக்குக் காலத்தோடு மாத்திரை கொடுத்தால் அறிவு வளர்ச்சி குன்றாது. கொடுக்காவிட்டால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூட வாசலைத் தாண்டுவதே கஷ்டம். பாகான் நக்கோடா ஓமார் தாய்மார்களின் பிள்ளைகளுக்கும் இந்தச் சோதனைகள் காவலாக நிற்கின்றன. ஆகவே சோதனை என்றதும் பயந்து ஓடுவது தவறு.

சோதனை பழியான கதை

ஆனால் எல்லாச் சோதனையும் நன்மையில் முடியவில்லை. அரிவாள் வடிவ இரத்த அணு நோயை எடுத்துக்கொள்வோம். 1952இல் தமிழ்நாட்டு நீலகிரி மலைவாழ் மக்களிடம் அதன் அறிகுறி கண்டறியப்பட்டது. அதே ஆண்டு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் அந்த நோய் இருப்பது தெரிந்தது. அவர்களும் நம்மைப் போலப் பிழைக்கப் போனவர்களே!

அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் சில மாநிலங்கள் கறுப்பின மக்களுக்கு இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கின. அந்த மரபை ஒரு பக்கம் மட்டும் சுமப்பவர் நோயாளி அல்ல. இருந்தும் அவர்களில் சிலர் வேலை இழந்தார்கள், சிலரிடம் இன்சூரன்ஸ் கட்டணம் கூடுதலாக வாங்கினார்கள். விமானப்படைக் கல்லூரி 1981 வரை அவர்களைச் சேர்க்கவில்லை.

இந்தியா 2023இல் 7 கோடிப் பேரைச் சோதிக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. சோதித்தவர்களுக்கு அட்டை தருகிறார்கள். கல்யாணத்துக்கு முன் இரண்டு அட்டைகளையும் பொருத்திப் பார்க்கலாம். இரண்டு பேரும் அந்த மரபைச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முன்கூட்டியே அறிவது நல்லதுதான். ஆனால் செவ்வாய் தோஷம் என்று சொல்லியே பெண்ணை ஒதுக்கும் சமுதாயம், இந்த அட்டையை வைத்து என்ன செய்யும்? யோசிக்க வேண்டும்.

எழுத்து யாருடையது?

1968இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூலில் வில்சன், யுங்னர் என்ற இருவர் நல்ல விதிகளை வகுத்தார்கள். நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், அதற்கு வைத்தியம் இருக்க வேண்டும், சோதனையை மக்கள் ஏற்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. இங்கிலாந்தில் 2024இல் தொடங்கிய ஆய்வும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. பெற்றோர் சம்மதத்துடன் 1,00,000 குழந்தைகளின் மரபு ஏட்டைப் படித்து, சிறு வயதிலேயே வைத்தியம் செய்யக்கூடிய 200க்கும் மேற்பட்ட நோய்களை மட்டும் தேடுகிறார்கள்.

சம்மதம் கேளாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் குழந்தைகளின் இரத்தத் துளிகளைப் பெற்றோரைக் கேளாமல் ஆராய்ச்சிக்குச் சேமித்து வைத்தார்கள். 2009இல் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். முடிவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட இரத்தத் தாள்களை அழிக்க வேண்டியதாயிற்று. நல்ல ஆராய்ச்சிக்கு உதவியிருக்கக்கூடிய பொருள் நம்பிக்கை போனதால் வீணாயிற்று!

இன்னொன்றும் உண்டு. நாற்பது, ஐம்பது வயதில் வரக்கூடிய, மருந்தில்லாத நோயைப் பற்றி அந்த ஏட்டில் எழுதியிருக்கலாம். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு அதைச் சொல்லி என்ன பயன்? பெற்றவர்களுக்கு நிம்மதி போகும். பிள்ளையையும் நோயாளியாகவே பார்த்து வளர்ப்பார்கள். அதைத் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை, வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளைக்கே உரியது.

பெற்றோர்களே! நம் நாட்டில் 2016இல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா சோதனை தொடங்கியது. நாளை இதைவிடப் பெரிய சோதனைகளும் வரும். வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: இதற்கு வைத்தியம் உண்டா? பிள்ளையின் இரத்தமும் விவரமும் யாரிடம் இருக்கும்? வேண்டாம் என்றால் விடுவார்களா? பதில் புரியும்வரை கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். நம் பாட்டன்மார்கள் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தார்கள். அவர்கள் கட்டிக்காத்த தமிழ்ப்பள்ளியில் படித்த நாம், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம்!