பாலூட்டியின் முட்டையைத் தேடியவர்கள்

பாலூட்டியின் கரு தன் முதல் சில நாட்களைத் தாயின் கருக்குழாயிலேயே கழிக்கிறது. ஒரு செல் இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பிளந்தபடி அது கருப்பையை நோக்கி நகர்கிறது. மனிதக் கருமுட்டையின் குறுக்களவு சுமார் 0.1 மில்லிமீட்டர், கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கும் தட்டுப்படும். அப்படியிருந்தும் பாலூட்டியின் முட்டை 1827 வரை பிடிபடவில்லை. கருவிகளின் குறையைவிட, எங்கே, எப்போது தேடுவது என்று தெரியாததே இதற்குப் பெரிய காரணம்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ், அரச வனங்களின் மான்களை தன் மருத்துவர் வில்லியம் ஹார்வியின் ஆய்வுக்குக் கொடுத்தார். இணைசேர்ந்த பெண்மான்களை அடுத்தடுத்து அறுத்துப் பார்த்தும், முதல் சில வாரங்களில் கருப்பையில் அவர் எதையும் காணவில்லை. கரு உருவாவதில் சினைப்பைக்குப் பங்கில்லை என்றே முடிவு கட்டினார். எல்லா உயிருக்கும் முட்டையே மூலம் என்று 1651இல் நூல் வெளியிட்டவரும் இதே ஹார்விதான்.

ஹாலந்தின் டெல்ஃப்ட் நகர மருத்துவர் ரைனியர் தெ கிராஃப் முயலைத் தேர்ந்தெடுத்தார். அருமையான தேர்வு அது: இணைசேர்ந்த சுமார் பத்து மணி நேரத்தில் முயலின் முட்டைகள் வெளியேறிவிடும், நாள்கணக்குத் தவறாது. இணைசேர்ந்த முயல்களை வெவ்வேறு இடைவெளிகளில் அறுத்தவர், மூன்றாம் நாளில் கருக்குழாயில் நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். சினைப்பையில் வெடித்திருந்த கொப்புளங்களின் எண்ணிக்கையையும் அவற்றோடு ஒப்பிட்டார். 1672இல் முடிவுகளை வெளியிட்டு, மறு ஆண்டே 32 வயதில் இறந்தார். ஆனால் கொப்புளம் முழுவதையும் முட்டை என்று அவர் கருதியிருந்தார். குழாயில் கிடைத்த உருண்டையோ அதைவிடப் பல மடங்கு சிறியது. இந்த முரண்பாடு அவருடைய கண்டுபிடிப்பையே பலர் சந்தேகிக்க இடம் கொடுத்தது. 1797இல் வில்லியம் குரூக்ஷாங்க் முயலின் கருக்குழாயில் அதே உருண்டைகளை மீண்டும் காட்டிய பிறகும் ஐயம் தீரவில்லை.

1827இல் கோனிக்ஸ்பெர்கில் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் தேடலின் திசையையே மாற்றினார். நாய்களின் கருப்பையில் கண்ட கருவிலிருந்து பின்னோக்கிக் குழாய்க்கும், அங்கிருந்து சினைப்பைக்கும் போனார். அங்கே கொப்புளத்துக்குள் ஒரு மஞ்சள் புள்ளி தென்பட்டது. அதை எடுத்து நுண்ணோக்கியில் வைத்ததும், தான் குழாயில் கண்ட அதே உருண்டை என்று அறிந்தார். கொப்புளம் முட்டையல்ல, முட்டையைச் சுமக்கும் பை என்பது அன்றோடு தெளிவாயிற்று. இந்தத் தேடலின் மிக அழகான கணம் இதுவே.

வழி தெரிந்த பிறகு வேகம் கூடியது. 1842இல் தியோடர் பிஷாஃப் முயல் முட்டையின் வளர்ச்சியை விரிவாக எழுதினார். 1890இல் வால்டர் ஹீப், அங்கோரா முயலின் நான்கு செல் கருக்கள் இரண்டை எடுத்து, தன் இன ஆணோடு ஏற்கெனவே இணைசேர்ந்திருந்த பெல்ஜிய இன முயலின் கருக்குழாயில் வைத்தார். பிறந்த ஆறு குட்டிகளில் இரண்டு அங்கோரா. 1958இல் ஆன் மெக்லாரனும் ஜான் பிகர்ஸும் எட்டுச் செல் எலிக்கருக்களை உடலுக்கு வெளியே, கருப்பையில் பதியத் தயாராகும் கருக்கோள நிலை வரை வளர்த்தனர். பிறகு வேறு தாய் எலிகளின் கருப்பையில் வைத்து உயிருள்ள குட்டிகளைப் பெற்றனர்.