விசா இல்லாமல் ஒரு டச்சு ஊர்

ரெண்டு மாசமா பார்த்தவங்ககிட்ட எல்லாம் "நெதர்லாந்து போறேன்"னு பீலா விட்டுக்கிட்டிருந்தேன். ரெண்டே வார ஆன்சைட்தான், ஆனாலும் ஸ்வெட்டர் வரைக்கும் வாங்கியாச்சு. கடைசி நேரத்துல பட்ஜெட் இல்லைன்னு கைய விரிச்சுட்டாங்க. செங்கல்பட்டு நண்பனுக்கு போன் போட்டு புலம்பினேன்.

"டச்சுக்காரன் ஊர்தானடா பாக்கணும்? ஞாயித்துக்கிழமை எங்க ஊர் ஸ்டேஷன்ல வந்து இறங்கு. விசா வேணாம், ஹெல்மெட் போதும்"னான்.

அவன் சொன்ன ஊர் சதுரங்கப்பட்டினம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர், கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கு. சம்புவராயர் காலத்தில் ராஜநாராயணன் பட்டினம்னு ஒரு பேரும் இதுக்கு உண்டு. வெள்ளைக்காரன் வாயில் சதுரங்கப்பட்டினம் நுழையாமல் 'சட்ராஸ்' ஆகிவிட்டது.

போற வழியில் திருக்கழுக்குன்றத்தில் வண்டியை நிறுத்தினான். மலையில் பல்லவர் காலத்து ஒருகல் மண்டபம் ஒன்று இருக்கிறது. அதன் கல்லில் ஐரோப்பிய எழுத்தில் கிறுக்கல்கள்! 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள் இங்கே ஊர் சுற்றிப் பார்க்க வந்து, தங்கள் பேரையும் வருஷத்தையும் செதுக்கிட்டுப் போயிருக்காங்க. சுற்றுலாத் தலங்களில் பேர் கிறுக்குவது நம்மாளுங்க மட்டும்தான்னு இத்தனை நாள் தலையில அடிச்சுக்கிட்டிருந்தேன். இனிமே கொஞ்சம் மெதுவா அடிச்சுக்கலாம் :-)

அங்கிருந்து சதுரங்கப்பட்டினம் அரைமணி நேரம். செங்கல் கோட்டை, வாசலில் பீரங்கிகள், உள்ளே கிட்டங்கிகள், யானை மேல் ஏறுவதற்குக் கட்டிய படிமேடை. சுவர்களில் பாதி விழுந்துவிட்டது. மிச்சத்தை தொல்லியல் துறை பராமரிக்கிறது.

கோட்டை இங்கே வரக் காரணம் துணி. 1602ல் தொடங்கிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியது ஜாதிக்காயும் கிராம்பும். அதெல்லாம் இன்றைய இந்தோனேசியத் தீவுகளில் விளைந்தது. அந்தத் தீவுக்காரர்கள் விரும்பிக் கேட்டது நம்ம சோழமண்டலக் கரைத் துணி. இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைப் பொருளை ஐரோப்பாவில் விற்றார்கள்.

வாங்கிய முறைதான் சுவாரசியம். கம்பெனி பெரிய வியாபாரிகளோடு ஒப்பந்தம் போடும். முன்பணம் கைமாறி கைமாறி நெசவாளிக்கு வரும். எப்படி நெய்யணும்னு மாதிரித் துணி வரும். நெய்து கொடுத்ததை மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒத்து வரலைன்னா கழிச்சுடுவாங்க, இல்லைன்னா விலையைக் குறைப்பாங்க.

இதை நான் சொல்லிக்கிட்டு வந்தப்போ நண்பன் சிரிச்சான். "கிளையன்ட், வெண்டர், ஸ்பெக், டெஸ்டிங். உன் புராஜெக்ட்டைத்தானடா சொல்ற?"

எனக்கு சிரிப்பு வரலை. எங்க தாத்தா காஞ்சிபுரம் பக்கம் தறி நெய்தவர். அவர் சேலையையும் இப்படித்தான் விரிச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, இழையில குறை சொல்லி காசைக் குறைப்பாங்கன்னு அப்பா சொல்லியிருக்கார்.

உள்ளே கல்லறைத் தோட்டம் பூட்டியிருந்தது. "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம்"னு கெஞ்சினதும் காவலாளி திறந்துவிட்டார். ஆளுயரக் கல்பலகைகள் தரையில் கிடக்கின்றன. மண்டையோடு, எலும்பு, குலச்சின்னம், அதைச் சுற்றிப் பூவேலை. முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி வெட்டிய டச்சு எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் இன்னும் கூர்மையா நிக்குது. யாரோ ஒரு வியாபாரி, அவர் மனைவி. பேர், தேதி எல்லாம் பத்திரம்.

இந்த ஊருக்கு சரித்திரத்தில் இடம் கிடைத்ததும் மத்தவங்களாலதான். 1754ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இங்கே உட்கார்ந்து சமாதானம் பேசினார்கள். பேச்சு முறிந்தது. 1782 பிப்ரவரி 17 அன்று அதே ரெண்டு தரப்பும் இந்தக் கரைக்கு எதிரே கப்பலில் மோதின. 1824ல் லண்டனில் ஓர் ஒப்பந்தம். இந்தியாவில் இருந்த டச்சு இடங்களும் மலாக்காவும் ஆங்கிலேயருக்கு, சுமத்ராவின் பெங்கூலன் டச்சுக்காரருக்கு. அடுத்த வருஷம் சதுரங்கப்பட்டினம் கை மாறியது. ஊர்க்காரங்களை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

கடற்கரையில் உட்கார்ந்து தேங்காய் மாங்காய் சுண்டல் சாப்பிட்டோம். எனக்கு அந்தக் கல்லறைகளே மனசுல ஓடிக்கிட்டிருந்தது. மலையேறிப் பார்க்க வந்தவன் பேர் மண்டபத்தில் இருக்கு. செத்தவன் பேர் கல்லறையில் இருக்கு. இந்தக் கிட்டங்கிகள் நிறைய நிறைய நெய்தவன் பேர் கோட்டையில் ஒரு கல்லிலும் கண்ணில் படவில்லை.

அப்பாவுக்கு போன் பண்ணினேன். "தாத்தாவோட அப்பா பேர் என்னப்பா?"

"ஏகாம்பரம். ஏன்டா திடீர்னு?"

"அவரோட அப்பா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தெரியலையேப்பா. கேட்டு வச்சுக்கணும்னு தோணலை."

திரும்பி வரும்போது நண்பன் கேட்டான், "என்ன, யூரோப் எப்படி?" நல்லாத்தான் இருந்ததுடான்னு சொன்னேன். ஸ்வெட்டரை அடுத்து ஆன்சைட் போற புண்ணியவான் யாருக்காவது தள்ளிவிடணும்.