பனியில் விளையும் பகை



முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டு, ஸ்ரீரங்கத்தைத் தாண்டிக் காவிரி தஞ்சைச் சீமைக்குப் போகிறது இல்லையா? அந்தச் சீமையில் 1918-ஆம் ஆண்டையொட்டி நெல்லுக்கு ஒரு நோய் கண்டது. இலையில் கண் வடிவப் புள்ளிகள். ஓரம் பழுப்பு, நடுவே சாம்பல். பிறகு கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்தது. அறுவடைக்குப் போனால் மிஞ்சியது பதர்தான். மெக்ரே என்ற நிபுணர் ஆராய்ந்து, இது பூசணத்தின் வேலை என்றார். நாம் குலை நோய் என்கிறோமே, அதுதான்.

அதைத் தாங்கும் நெல்லைக் கோயம்புத்தூரில் தேடினார்கள். ஆனைக்கொம்பனிலிருந்து பொறுக்கிய கோ 4 தாங்கி நின்றது. அதையும் ஆடுதுறை 10-ஐயும் ஒட்டிக் கோ 25, கோ 26 ரகங்களை உண்டாக்கினார்கள். ஆனாலும் பகை ஒழியவில்லை. பூசணமும் புதுப்புது வகையாக மாறிக்கொண்டே இருக்கிறது. பின்னால் வந்த ஐ.ஆர். 50, வெள்ளைப் பொன்னி இரண்டும் இதற்கு எளிதில் இடம் கொடுப்பவை.

சரி, பூசணம் எப்போது பெருகும்? இராத்திரிக் குளிர் 20 டிகிரியை ஒட்டி இருக்கணும். காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் நிற்கணும். இலை பத்து மணி நேரமாவது நனைந்திருக்கணும். ஒரு புள்ளியிலிருந்து ஒரே இரவில் இரண்டாயிரம் முதல் ஆறாயிரம் வித்துகள் வரை கிளம்பும். இப்படி இரண்டு வாரம் நடக்கும். விழுந்த வித்து நாலைந்து நாளில் புதுப்புள்ளி போடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்!

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சம்பா போடுகிறவர்களே, ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டு மூடுபனி இறங்கும்போது இந்தச் சூழ்நிலை கூடிவிடுகிறது. பனியைத் தடுக்க நம்மால் முடியாது. யூரியாவைத் தடுக்க முடியும். தழைச்சத்து மிஞ்சினால் பயிர் கருகருவென்று செழிக்கும். ஆனால் இலை மென்மையாகிப் பூசணத்துக்கு வழிவிடும். பக்கத்து வயல் பச்சையைப் பார்த்து மூட்டையைப் பிரிக்காதீங்க. உரத்தைப் பிரித்துப் பிரித்துப் போடுங்க. புள்ளி கண்டால் மேலுரத்தை நிறுத்தி வையுங்க. விதைக்கு முன் கிலோ விதைக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் கலந்து நேர்த்தி செய்யுங்க. வரப்புப் புல்லிலும் பூசணம் தங்கும், அதையும் செதுக்கிவிடுங்க.

விடிகாலையில் வரப்பில் நடந்து இலையைப் புரட்டிப் பாருங்க. கழுத்து ஒடிந்த பிறகு பார்த்தால் பதரைத்தான் எண்ணணும்.