சொன்னால்தான் காப்பாற்ற முடியும்

மலருக்கு வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். ராஜா கதை நிறைய பேர் எழுதிட்டாங்க. நாம தினமும் தொடுகிற சோற்றோடு சேர்ந்த வரலாறு ஒன்று இருக்கு. ஒரே சாப்பாடு சாப்பிட்ட பல பேருக்கு வாந்தி பேதி வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிச்சு நிறுத்துகிற வேலையின் வரலாறு அது.

முன்காலத்தில் காலரா வந்தால் சாமி கோபம் என்பார்கள். வெளிநாட்டிலும் கெட்ட காற்றால் வருதுன்னுதான் நம்பினாங்க. 1854-ல் லண்டனில் காலரா வந்து ஒரே பகுதியில் 600 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வீடு வீடாகப் போய், எங்கே தண்ணி பிடிச்சீங்கன்னு கேட்டார். பெரும்பாலானவர்கள் பிராட் தெருவில் இருந்த ஒரே பம்பைச் சொன்னார்கள். அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றிப் போட்டாங்க. கிருமி பற்றி டாக்டர்களுக்கே சரியாகத் தெரியாத காலம் அது. அவர் கேட்டார், ஜனங்க சொன்னாங்க, அதனால்தான் தெரிந்தது.

நம்ம மாநிலத்தில் 1939-லேயே சென்னை பொது சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் இந்த மாதிரி வந்த முதல் சட்டம் இதுதான். காலரா போன்ற நோயைப் பார்த்த டாக்டர் உடனே சுகாதார அதிகாரிக்குத் தகவல் தரணும்னு அதில் இருக்கு. 2004-ல் மத்திய அரசு நோய் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நம்ம ஊருக்கு வரும் நர்சம்மா எத்தனை பேருக்குப் பேதி, எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று எழுதி மேலே அனுப்புவது இதற்குத்தான். ஓர் ஊரில் திடீரென்று எண்ணிக்கை ஏறினால் மாவட்டத்தில் தெரிந்துவிடும். உடனே ஆட்கள் வருவாங்க. யார் என்ன சாப்பிட்டாங்க, எத்தனை மணிக்கு, எப்ப வாந்தி ஆரம்பிச்சதுன்னு பட்டியல் போடுவாங்க. சட்னி சாப்பிட்டவங்க படுத்திருக்க, சாப்பிடாதவங்க நல்லா இருந்தால் சந்தேகம் சட்னி மேல போகும். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே படுத்துவிட்டால் அந்தக் கணக்கில் நாம வரவே மாட்டோம்.

நம்ம பக்கத்து ஆரணியில் 2021 செப்டம்பரில் ஓட்டல் பிரியாணி சாப்பிட்ட 10 வயசுப் பெண் குழந்தை இறந்து போனது. அதே கடையில் சாப்பிட்ட பல பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாங்க. கடைக்கு சீல் வைத்தார்கள்.

அதே வருஷம் டிசம்பரில் நடந்தது நம்ம பிள்ளைகளுக்கு. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்கிற பாக்ஸ்கான் கம்பெனியில் வேலை செய்த பெண்கள், விடுதிச் சாப்பாடு சாப்பிட்டு 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கூட வேலை செய்தவர்களுக்கு அவங்க நிலைமை சரியாகத் தெரியவில்லை. சில பேர் இறந்துட்டாங்கன்னு வதந்தி பரவியது. 17-ந் தேதி ராத்திரி ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூர் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் சாகவில்லை என்று அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது அந்தச் சமையல் கூடத்தில் எலி இருந்தது, சாக்கடை வசதியும் சரியில்லை. சமையல் கூடத்தை மூடினார்கள். கம்பெனி 2022 ஜனவரி 12-ந் தேதிதான் மறுபடி திறந்தது. என் மனசுக்குப் படுவது இதுதான். விடுதியில் எலி ஓடுவது அங்கே தங்கிய பெண்களுக்கு முன்னாடியே தெரிந்திருக்கும். அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

2013 ஜூலை 16-ந் தேதி பீகாரில் ஒரு கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். எண்ணெயில் பயிருக்கு அடிக்கிற பூச்சி மருந்து கலந்திருந்தது. எண்ணெய் வாசனை சரியில்லை என்று சமையல் செய்த அம்மா சொன்னதாகவும், அதைக் காதில் வாங்கவில்லை என்றும் அப்போது செய்தி வந்தது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இப்போது கரண்டி நம்ம கையில் இருக்கு. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அந்த உப்புமாவும் பொங்கலும் செய்வது சுய உதவிக் குழுப் பெண்கள்தான். பௌர்ணமிக்குப் பருவதமலை போகிற பக்தர்களுக்கு அன்னதானம் செய்கிறவர்களும் நம்மில் இருக்காங்க.

அதனால் எண்ணெய், ரவை, தண்ணி எதுவா இருந்தாலும் சந்தேகம் வந்தால் அடுப்பில் ஏற்றும் முன்னாடியே சொல்லுங்க. யார் அதட்டினாலும் சொல்லுங்க. இரண்டு பேருக்கு மேல் வாந்தி வந்தால் குழுவுக்குக் கெட்ட பேர் வருமேன்னு மறைக்காதீங்க. 108-க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போன் பண்ணுங்க. மிச்சம் இருக்கிற சாப்பாட்டைக் கொட்டாதீங்க, பாத்திரத்தைக் கழுவாதீங்க. காரணம் எதுன்னு அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பாங்க. தப்பு நம்ம சமையலில் இல்லை, வந்த சரக்கில்தான் என்று தெரிந்தாலும் அதற்குச் சாட்சி அந்த மிச்சம்தான். ஓட்டல் சாப்பாடு பற்றி உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பில் புகார் அனுப்பலாம்.

வேலைக்குப் போய் விடுதியில் தங்கியிருக்கிற நம்ம பொண்ணுங்க போன் பண்ணும்போது, சாப்பிட்டியான்னு மட்டும் கேட்காதீங்க. சமையல் கூடம் சுத்தமா இருக்கா, தண்ணி எங்கிருந்து வருதுன்னும் கேளுங்க.