ஐ.சி. நின்றுபோன பிறகு: மனநல சமூகப் பணியாளரின் தொழில்முறைக் கற்றல்

சமூகப் பணியில் முதுகலை முடித்த யாரிடமும் ‘ஐ.சி.’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஓர் ஆசிரியரின் முகம் நினைவுக்கு வரும். களப்பணி முடிந்ததும் எழுதிய அறிக்கையை எடுத்துக்கொண்டு ஆசிரியரின் எதிரே உட்கார்ந்து, அதை வரிவரியாகப் பேசும் தனிக் கலந்துரையாடலைத்தான் மாணவர்கள் அப்படிச் சொல்வார்கள். அந்த அம்மா அழத் தொடங்கியதும் நீ ஏன் பேச்சை மாற்றினாய்? அவருடைய மருமகள் அறையில் இருந்தாரா? இருந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றால் அதை ஏன் எழுதவில்லை? இப்படிக் கேள்விகள் வரும். இந்தத் தொழிலின் சாரம் அந்த நாற்காலியில்தான் கைமாறுகிறது என்பது என் அனுபவம். பட்டம் கைக்கு வந்த நாளோடு அது நின்றுபோகிறது. பிறகு முப்பது ஆண்டுகள் பணியாற்றுபவரைக்கூட அப்படி உட்காரவைத்துக் கேட்க ஆள் இருப்பதில்லை.

மனநலத் துறையில் இருக்கும் சமூகப் பணியாளருக்கு இந்தக் கலந்துரையாடல் பணிக்காலம் முழுவதும் தொடர வேண்டும்; அவரது பணி நேரத்திற்குள்ளேயே, ஓர் உரிமையாகத் தொடர வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம். இதை இப்போது சொல்ல வேண்டியதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, ‘மனநல சமூகப் பணியாளர்’ யார் என்று வரையறுக்கிறது. சமூகப் பணியில் முதுகலைப் பட்டமும், மேற்பார்வையிலான மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பட்டமும் பெற்றவரே அவர். ஆனால் தேசியக் கல்விக் கொள்கை 2020 எம்.ஃபிலைக் கைவிடச் சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2022 விதிகளில் அதைக் கைவிட்டது. சட்டம் கேட்கும் பட்டமே இல்லாமல் போகும் நிலை வந்ததால், மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்குத் தரப்பட்டது. இன்னொரு பக்கம், 2021ஆம் ஆண்டின் துணைநலத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டம் சமூகப் பணியாளர்களை நடத்தைநல அறிவியல் பிரிவில் சேர்த்துப் பதிவுக்குள் கொண்டுவந்திருக்கிறது. வழக்கறிஞருக்கும் செவிலியருக்கும் இருப்பதுபோல் சமூகப் பணிக்கென்று தனிச் சட்டப்பூர்வப் பேரவை இந்தியாவில் இருந்ததே இல்லை. இந்தத் தொழிலைக் கற்பது என்றால் என்ன என்பதைப் புதிதாக எழுதவேண்டிய நேரம் இது. அந்த இடத்தில் இன்னொரு பட்டத்தின் பெயரை மட்டும் எழுதிவைத்துவிட்டால், கிடைத்த வாய்ப்பு வீணாகிவிடும்.

பட்டம் ஏன் போதாது என்பதற்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 89ஆம் பிரிவைப் பலரும் மருத்துவர்களுக்கானது என்று கடந்துவிடுகிறார்கள். தானே முடிவெடுக்க இயலாத நிலையில் உள்ள ஒருவரை, அவரது நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின்பேரில் 30 நாள் வரை மனநல மருத்துவமனையில் சேர்ப்பது பற்றியது அது. சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களிலோ இருவர் அவரைத் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். ஒருவர் மனநல மருத்துவர். மற்றவர் வேறொரு மருத்துவராக இருக்கலாம், அல்லது ‘மனநலத் தொழில்முறையாளராக’ இருக்கலாம். 55ஆம் பிரிவின்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவுபெற்ற மனநல சமூகப் பணியாளரும் இந்த வரையறைக்குள் வருகிறார். அதாவது, ஒரு மனிதரை அவர் விருப்பத்துக்கு மாறாகச் சேர்க்கலாமா என்ற முடிவில், மனநல மருத்துவரின் கருத்தோடு சமமாக வைத்துப் பார்க்கும் கருத்தைச் சமூகப் பணியாளர் சொல்ல முடியும்.

நோயின் பெயரைச் சொன்னால் மட்டும் இந்தப் பிரிவு நிறைவுறாது. அந்தச் சூழ்நிலையில் மிகக் குறைவான கட்டுப்பாடுள்ள வழி இதுதானா என்றும் கேட்கிறது. அதற்கு விடை ஓ.பி. அறையில் கிடைக்காது. வீட்டில் யார் இருக்கிறார், மாத்திரை எங்கிருந்து வருகிறது, பேருந்து எத்தனை மணிக்கு, பக்கத்து வீட்டோடு என்ன தகராறு என்று தெரிந்தவர்தான் வேறு வழி உண்டா இல்லையா என்று சொல்ல முடியும்.

வகுப்பில் நான் பேசும் நேர்வு ஒன்றை இங்கே விரிக்கிறேன். பல வீடுகளில் கண்டவற்றைச் சேர்த்துக் கட்டியது அது. எந்தத் தனி ஒருவரையும் குறிப்பதல்ல. முப்பத்து நான்கு வயது மகன், மனச்சிதைவு நோய்க்குப் பத்து ஆண்டுகளாக மருந்து எடுப்பவர். தாய் நூறு நாள் வேலைக்குப் போகிறார். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மகன் இரண்டு மாதமாக மருந்து வாங்க வரவில்லை; தெருவிளக்கைக் கல்லால் அடித்து உடைத்துவிட்டார். ஊரில் புகார். அண்ணன் போனில், “சேத்துருங்க மேடம், அம்மாவால முடியல” என்கிறார். பணியாளர் வீட்டுக்குப் போகிறார். தாய் அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்துகிறார்: “பழைய மாத்திரை கொஞ்சம் கெடந்துச்சும்மா. தயிர்சோத்துல பொடிச்சுப் போட்டுத்தான் குடுக்குறேன். தெரிஞ்சா என் கையால ஒரு வாய் சாப்புட மாட்டான்.”

மாவட்டத்தின் மாதாந்தர அறிக்கையில் இது ‘டிராப்-அவுட்: 1’. பணியாளர் திரும்பி வந்து, வீட்டுக்குப் போனதைப் பதிவேட்டில் ஏற்றுகிறார். அவருக்கு முன்னால் இப்போது என்னென்ன இருக்கின்றன? நோயாளிக்குத் தெரியாமல் மருந்து கொடுப்பது ஒப்புதல் உரிமைக்கு மாறானது. அதைத் தாயிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அடுத்த முறை கதவு திறக்குமா? சொல்லாவிட்டால் பணியாளரும் அந்த ஏமாற்றில் பங்காளியாகிறாரா? பழைய மாத்திரையில் எந்த அளவு உள்ளே போகிறது என்பது யாருக்குத் தெரியும்? மருந்துக்கு மாவட்ட மருத்துவமனை வரை இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். அன்றைக்கு வேலைக்குப் போக முடியாது, கூலியும் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து கிடைக்க ஏற்பாடு செய்ய முடிந்தால், அதுவே குறைவான கட்டுப்பாடுள்ள வழியா? விண்ணப்பிக்க விரும்பும் அண்ணன் அந்த மனிதரின் நியமனப் பிரதிநிதிதானா? இத்தனையையும் ஒருவர் தனியாக மனதில் சுமந்து, அடுத்த முகாமுக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் மனநல சமூகப் பணியாளருக்கு ஒரே பணியிடம்தான். கேட்டுப் பார்க்கத் தன் தொழிலைச் சேர்ந்த இன்னொருவர் அந்த மாவட்ட எல்லைக்குள் அவருக்கு இல்லை.

இவருக்கு நாம் தருவது பயிலரங்கு. நானும் பல பயிலரங்குகளில் பேசியிருக்கிறேன். சட்டத்தின் பிரிவுகளைத் திரையில் ஓட்டிக்காட்டுவோம். முன்கூட்டிய அறிவுறுத்தல் என்றால் என்ன, சங்கிலியால் பிணைப்பதை 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் தடை செய்கிறது, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளவேண்டும் என்கிறது 115ஆம் பிரிவு என்றெல்லாம் சொல்வோம். அவசியமான செய்திகள்தான். தயிர்சோற்றில் பொடித்த மாத்திரைக்கு அவற்றில் எந்தப் பிரிவும் நேரடியாக விடை சொல்வதில்லை. அங்கே தேவைப்படுவது பகுத்தறிந்து முடிவெடுக்கும் திறன். அந்தத் திறன் ஒருவர் செய்ததைத் திரும்ப எடுத்துப் பேசும்போதுதான் வளர்கிறது.

இத்தொழில் பிறந்ததும் இப்படித்தான். முதல் உலகப் போரில் மனம் குலைந்து திரும்பிய வீரர்களுக்காக 1918இல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் தொடங்கிய பயிற்சி, சில வார வகுப்புக்குப் பிறகு மாணவியரை மருத்துவமனைகளுக்கு அனுப்பி, மாதக்கணக்கில் மேற்பார்வையில் வேலை செய்யவைத்தது. நம் நாட்டில் 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பங்களை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் அதே பத்தாண்டில் குடும்பத்தோடு சேர்க்கும் முறையைக் கைக்கொண்டது. குடும்பமும் சிகிச்சையில் ஒரு பங்காளி என்ற இந்த அறிவு, பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றவர்களிடமிருந்து வந்தது.

ஏர்வாடியை நினைக்காமல் இதைப் பேச முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடியலில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களில் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டுச்சென்றவர்களில் பெரும்பாலோர் கல்நெஞ்சர்கள் அல்ல. வேறு வழி தெரியாத அம்மாக்களும் அண்ணன்களும்தான். அந்த வழியைக் காட்டும் வேலை யாருடையதோ, அவர் எவ்வளவு கற்றிருக்கிறார் என்பது உயிரோடு தொடர்புடைய கேள்வி.

தொடர் மேற்பார்வை உண்மையில் வித்தியாசத்தை உண்டாக்குமா என்று கேட்கலாம். 2014இல் லான்செட் இதழில் வெளியான ‘காப்ஸி’ ஆய்வை இங்கே கவனிக்க வேண்டும். காஞ்சிபுரம் பகுதியிலும் கோவாவிலும் சதாராவிலுமாக மனச்சிதைவு நோயுள்ள 282 பேர் அதில் பங்கேற்றார்கள். மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களின் வீட்டுவருகையையும் பெற்றவர்களிடம், சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அறிகுறிகளும் இயலாமையும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. ஓரளவுதான், அதை மிகைப்படுத்தக் கூடாது. அந்தப் பணியாளர்கள் மேற்பார்வையோடு வேலை செய்தவர்கள். இந்த ஆய்வை மேற்கோள் காட்டி, குறைந்த படிப்புள்ள ஆட்களைக் கொண்டே வேலையை முடித்துவிடலாம் என்று திட்டமிடுபவர்கள், மேற்பார்வை என்ற பாதியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தரும் போக்கு இது.

ஆள் பற்றாக்குறை என்ற மறுப்பு வலுவானது. 2015-16 தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றது. இந்த நிலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது ஆடம்பரம் அல்லவா? சிகிச்சை எட்டாதவர்களில் மேலே சொன்ன மகனைப் போல் ஒருமுறை எட்டிய பிறகு கைநழுவியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஏன் நழுவினார்கள் என்று கேட்க நேரம் ஒதுக்காத திட்டம், முகாமின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும். அதே ஆட்களைத் திரும்பத் திரும்பப் புதுப் பதிவாக எழுதிக்கொண்டிருக்கும்.

இன்னொரு மறுப்பு ‘மேற்பார்வை’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. நம் அலுவலகங்களில் அந்தச் சொல் பதிவேட்டைத் திறந்து குறை கண்டுபிடிப்பதைத்தான் குறிக்கிறது. என் முதல் பணியிடத்தில் மேலதிகாரியிடம் ஒரு நேர்வில் எனக்குக் குழப்பம் இருக்கிறது என்று சொன்னேன். அதற்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். அதன்பிறகு பல ஆண்டுகள் நான் குழப்பம் என்ற சொல்லையே அலுவலகத்தில் பயன்படுத்தவில்லை. ஆகவே கலந்துரையாடலை நடத்துபவர் அந்தப் பணியாளரின் ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவராக இருக்கக் கூடாது. அவர் சமூகப் பணித்துறையைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் நடத்தினால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பேச்சு நோயின் பெயருக்கும் மருந்தின் அளவுக்கும் போய்விடுகிறது. பேருந்தும் கூலியும் மேசைக்கு வருவதில்லை. தூரம் இன்று பெரிய தடையில்லை. 2003இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா தொடங்கிய ‘எக்கோ’ முறையை தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் பின்பற்றி, காணொளியில் நேர்வுகளை முன்வைத்துப் பேசவைக்கிறது. அதே வழியில், பெயரும் ஊரும் நீக்கிய நேர்வோடு, நான்கைந்து மாவட்டங்களின் பணியாளர்கள் மாதம் இருமுறை கூட முடியும்.

இங்கிலாந்தில், ஒருவரை விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் சேர்க்க விண்ணப்பிக்கும் அதிகாரம் பெற்ற மனநலத் தொழில்முறையாளர்களில் பெரும்பாலோர் சமூகப் பணியாளர்கள். அவர்கள் ஆண்டுக்கு 18 மணி நேரமாவது பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. விண்ணப்பிக்கும் முன் அந்த நோயாளியிடம் தகுந்த முறையில் நேரில் பேசியிருக்க வேண்டும் என்பதும் சட்டம். அங்கும் கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட மூன்று மடங்குக்கும் மேலான விகிதத்தில் அடைக்கப்படுகிறார்கள். மணிக்கணக்கு நீதியைக் கொண்டுவந்துவிடாது. ஆனால் ‘நேரில் பேசியிருக்க வேண்டும்’ என்ற அந்தச் சிறு கட்டளை என் நேர்வுக்கு என்னைத் திருப்பி அழைத்துவந்தது.

அந்த நேர்வின் அறிக்கையை மாணவர்களிடம் கொடுக்கும்போது நான் ஒன்றும் சொல்வதில்லை. மூன்று பக்கம். தாய் சொன்னது இரண்டு பக்கம், அண்ணன் போனில் சொன்னது அரைப் பக்கம், அக்கம்பக்கத்தார் சொன்னது மீதி. மகனைப் பற்றி ஒரே வரி: “ஒத்துழைக்கவில்லை.” பெரும்பாலும் யாராவது ஒரு மாணவி கையை உயர்த்தி, “அவர்கிட்ட தனியா யாரும் பேசவே இல்லையா மேடம்?” என்று கேட்பாள். நேர்வின் இரண்டாம் பாகத்தை அப்போதுதான் கொடுப்பேன். அதில் பணியாளர் மறுபடி போகிறார். திண்ணையில் மகனின் பக்கத்தில் உட்கார்ந்து, விளக்கை ஏன் உடைத்தீர்கள் என்று முதன்முறையாக அவரிடமே கேட்கிறார். புதிதாகப் போட்ட எல்.இ.டி. விளக்கு நேராகத் தன் சன்னலில் அடிக்கிறது, ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, பஞ்சாயத்தில் இரண்டு தடவை சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்கிறார் அவர். மாத்திரையைப் பற்றியும் அவரே பேசுகிறார்: சோற்றில் கசப்பு தெரிகிறது, அம்மா மனம் நோகும் என்று சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.